முக்கால் அடி உலக்கை

காத்தமுத்து மில்லிலிருந்து ஓய்வு பெற்று வந்த மூன்றாம் வாரமே நாகல் நகரில் எங்கள் தெருவின் மத்தியானத் தூக்கம் போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷம் நூல் மில்லில் நின்ற மனிதர். அந்த இரைச்சலில் காது பாதி போயிருந்தது. மீதிப் பாதிக்கு வீட்டின் அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி அறிவுச்செல்வி மாவாட்டும்போது கிரைண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அதோடு நின்றிருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டியிருக்காது.

அவருடைய போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் மரக்கட்டையை மெஷினில் சுற்றவிட்டு, உளியை வைத்து, வெண்ணெயை வழிப்பது போல வழித்துக் கிண்ணம் செய்யும் வீடியோ வந்தது. ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தானாக வரும். நாற்பது நாள் பார்த்தார். நாற்பத்தோராம் நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பழைய கடைசல் மெஷின் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்தப் போட்டிருந்த தகரக் கொட்டகை பட்டறையாகிவிட்டது. ஸ்கூட்டர் தெருவில் நின்று வெயில் காய்ந்தது. எங்கள் வீட்டுக்கும் அந்தக் கொட்டகைக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது. ஊகம் என்று எதுவும் கிடையாது.

முதலில் வேப்பங்கட்டையில் சோறு போடும் கிண்ணம் என்று ஆரம்பித்தார். உளி கடித்துக்கொண்டு ஒரு பக்க விளிம்பு பிய்ந்து தகரத்தில் போய் அறைந்தது. சரி, பொரியல் கிண்ணமாக ஆக்கிவிடலாம் என்று பிய்ந்த இடம் வரை கடைந்தார். மறுபக்கம் பிய்ந்தது. ஊறுகாய்க் கிண்ணம் என்றார். அதுவும் போய், குங்குமச்சிமிழ் என்றார். கடைசியில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பம்பரம் மிஞ்சியது. எதைத் தொடங்கினாலும் பம்பரத்தில்தான் முடிந்தது. இரண்டே மாதத்தில் தெருவில் பம்பரம் இல்லாத வீடு இல்லை. எனக்கு வயது அறுபத்தொன்று. என்னிடம் ஒன்பது இருக்கின்றன.

"அக்கா, நேத்து ரசத்துல மெதந்ததக் கருவேப்பிலையினு நெனச்சு ஒதுக்குனேன்" என்றாள் அறிவுச்செல்வி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "பாத்தா வேப்பஞ்சுருளு. இந்த மனுசன் என்ன சொல்றாரு தெரியுமா? கசப்பு ஒடம்புக்கு நல்லதாம். ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுப் போறாரு."

"மெசினை வித்துத் தொலைக்கச் சொல்லு."

"சொன்னேனே. ம்ம்ங்கறாரு."

அந்த 'ம்ம்' பற்றிச் சொல்லியாக வேண்டும். மெஷின் ஓடும்போது அவர் அதை யாருக்காகவும் நிறுத்த மாட்டார். கொட்டகை வாசலில் நின்று யார் என்ன சொன்னாலும் தலை தூக்காமல் 'ம்ம்' என்பார். கேஸ் தீர்ந்துவிட்டது என்றாலும் ம்ம். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்றாலும் ம்ம். மில்லில் முப்பத்திரண்டு வருஷம் மேஸ்திரி சொன்னதற்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருப்பார் போல. அங்கே எப்படி நூல் அறுந்து போகாமல் இருந்ததோ தெரியவில்லை.

தனியாகக் கெட்டுக்கொண்டிருந்தவருக்குக் கூட்டும் சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் கடைசல் பிடித்தவர்கள் என்று ஒரு குழு. அதில் இரண்டு பேர் ஞாயிறுதோறும் அவர் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் ஜெரோம் சார், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். உளியை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று சாக்பீஸால் தகரத்தில் படம் போட்டு விளக்குவார். விளக்கி முடித்து உளியை எடுத்தால் அவருக்கும் பம்பரம்தான். இன்னொருவர் மலைச்சாமி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். அவருக்குக் கை வரவில்லை, ஆனால் கட்டை வரும். லோடு ஏற்றப் போகிற ஊரிலெல்லாம் உடைந்த மாட்டுவண்டிச் சட்டம், ஏற்றக்கால், கலப்பைத் துண்டு என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். காய்ந்த பழைய மரம்தான் கடைசலுக்குத் தோது என்பது அவர்கள் கட்சி.

அந்த மூவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. கொட்டகையின் இடப்பக்கச் சுவரில் யார் கட்டையைச் சாத்தினாலும் அது பொது. கேட்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்து அறுக்கலாம். ஒரு ஞாயிறு கிளம்பும்போது மலைச்சாமி சொல்லிவிட்டுப் போனார்: "ஏனுங்க, நம்ம தோட்டத்துல ஒரு பழைய உலக்கை கெடக்குதுங்க. நல்ல வைரம் பாஞ்ச கட்டைங்க. அடுத்த வாரம் கொண்டாந்து சாத்திப் போடறேனுங்க."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே அவர்கள் ஒரே மகள் கீர்த்தனாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்தைவிடப் பெரிய விஷயம், காத்தமுத்துவின் அக்கா அங்காளம்மாள் வருவதாகச் சொன்னதுதான். ஏழு வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. காரணம் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது தெருமுனையில் கட்டிய ஃபிளெக்ஸ். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதில் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அங்காளம்மாளின் வீட்டுக்காரர் மட்டும் கீழ் வரிசையில், வயரிங் செய்தவர் படத்துக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் இருந்தார். அவள் அன்றைக்கு ஃபிளெக்ஸைப் பார்த்தாள், திரும்பினாள், பழனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். வீட்டு வாசல்படியே ஏறவில்லை. அறிவுச்செல்வி ஏழு வருஷம் போனில் கெஞ்சி, பழனிப் பக்கம் மதினி ஊரான நெய்க்காரப்பட்டிக்கு மூன்று நடை நடந்து, பத்திரிகையில் அவர்கள் பெயரை முதலில் போட்டு, ஒருவழியாகச் சரிக்கட்டியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை அங்காளம்மாள் வந்தாள். ஒரு கையில் உருண்டை வெல்லம், மறு கையில் ஆள் உயரத்துக்கு ஓர் உலக்கை. பஸ்ஸில் நெடுக அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நெய்க்காரப்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போன முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பேச்சில் 'ங்க' ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்த மனுஷரிடம் பேசினால் அது உதிர்ந்துவிடும். அன்றைக்கு உதிரவில்லை.

"உள்ள வாங்க மதினி, காப்பி குடிங்க."

"இல்லீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்ச இடிக்க வரும்போது பாத்துக்கலாமுங்க." கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "எங்கம்மாளுக்கு மஞ்ச இடிச்சது இதுலதானுங்க. எனக்கும் இதான், முத்துக்கும் இதான். கீர்த்தனாவுக்கும் இதுலதான் அத்தைக்காரி மொத குத்து குத்தோணும். கீழ படுக்கப் போட்றாதீங்க. யாரும் தாண்டிரப்படாது."

"சரி மதினி. அவரு பின்னாடி மெசின்ல இருக்காரு, கூப்புடுறேன்."

"வேண்டாமுங்க. வேலையா இருப்பாங்க."

கூடப் பிறந்த தம்பியை 'இருப்பாங்க' என்றாள். அறிவுச்செல்விக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை வரை இந்த மனசை அலுங்காமல் காப்பாற்றிவிட்டால் போதும் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

வீட்டுக்குள் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஏணி ஒரு பக்கம், சீர்ப் பாத்திரம் ஒரு பக்கம், பெயின்டர்கள் எதை வேண்டுமானாலும் தாண்டினார்கள். அவள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், கொட்டகையின் இடப்பக்கச் சுவரில் பதமாகச் சாத்தினாள்.

"ஏங்க, மதினி குடுத்த உலக்கை. இங்கன சாத்திருக்கேன். பத்தரமாப் பாத்துக்கங்க."

"ம்ம்" என்றார் காத்தமுத்து. உளியிலிருந்து சுருள் பறந்துகொண்டிருந்தது.

நான் வத்தல் எடுத்துக்கொண்டு நின்றேன். அது என்ன சுவர் என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் நாம் எதற்கு வாயைக் கொடுப்பது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து நான் வத்தலக்குண்டில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். தக்காளி லோடு கேரளாவுக்குப் போகிற நாள் என்று மலைச்சாமியும் வரவில்லை. பிறகு ஜெரோம் சாரே சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

"மலைச்சாமி சொன்னபடி உலக்கையைப் போட்டுட்டாப்ல" என்றிருக்கிறார் காத்தமுத்து.

"எப்ப வந்தாரு?"

"வண்டியில குடுத்து விட்டுருப்பாரு சார். பாருங்க, என்னா வைரம்! இரும்பு மாதிரி இருக்கு."

இரும்புப் பூண் போட்ட அடித்துண்டு மெஷினில் ஏறாது என்று அறுத்து மூலையில் போட்டார்கள். மீதியை இரண்டாக அறுத்தார்கள். ஜெரோம் சார் தன் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். காத்தமுத்து தன் பங்கை மெஷினில் ஏற்றினார்.

திங்கட்கிழமை மத்தியானம் மெஷின் சத்தம் திடீரென்று நின்றது. நின்றதில் எனக்குத் திக்கென்று இருந்தது, எட்டிப் பார்த்தேன். மனிதர் அடுப்படி வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். தலைமுடி, மீசை, இமையெல்லாம் தூள்.

"இந்தா."

பூரிக்கட்டை. முக்கால் அடி நீளம். நடுவில் லேசாகப் பருத்து, இரண்டு முனையிலும் கைப்பிடி ஒடுங்கி, கருஞ்சிவப்பாக வழவழவென்று இருந்தது. ஒரு இடத்தில்கூடப் பிய்யவில்லை. பம்பரமாகாமல் அவர் முடித்த முதல் சாமான்.

அறிவுச்செல்வி அதை உள்ளங்கையில் உருட்டினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டிக்கொடுத்து இருபத்தாறு வருஷத்தில் அவர் தன் கையால் எதுவும் கொடுத்ததில்லை.

"நீங்களா செஞ்சீக?"

"பெறகு? உனக்குத்தான். செத்த நேரம் எண்ணெய் தடவி வெயில்ல வையி."

"நல்லாருக்குங்க. நெசமாவே நல்லாருக்கு. இம்புட்டுக் கனமா, என்ன கட்டை இது?"

"உலக்கை. மலைச்சாமி கொண்டாந்து சாத்துனது."

அவள் கொட்டகைக்கு ஓடினாள். சுவர் காலியாக இருந்தது. மூலையில் ஒரு சாண் துண்டு, இரும்புப் பூணோடு கிடந்தது.

"அய்யய்யோ! ஏய்யா, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அது மதினி உலக்கைய்யா! உங்கம்மா உலக்கை! சொன்னேன்ல? இங்கன நின்னு சொன்னேன்ல?"

"எப்ப சொன்ன?"

"வியாழக்கெழம! ம்ம்னீகளே!"

காத்தமுத்து குனிந்தார். பூண் போட்ட துண்டைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார். "நம்ம கல்யாணத்துல பாத்தது, இருபத்தாறு வருசமாச்சு" என்றார் மெதுவாக. "உலக்கைக்கு மூஞ்சியா இருக்கு, அடையாளம் தெரிய?"

"எனக்கு மூஞ்சி இருக்குல்ல? வெள்ளிக்கெழம அந்த மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்க?" என்று பூரிக்கட்டையை ஓங்கினாள். பிறகு அதைப் பார்த்தாள். கீழே போடவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் மனசில்லை. அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமை சங்கம் அவசரமாகக் கூடியது. மலைச்சாமி தன்னுடைய நிஜ உலக்கையைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய அதே நீளம், அதே பூண். கொஞ்சம் வெளுப்பு.

"டீத்தூள் டிக்காசன்ல ஊறவச்சுத் தொடச்சா கருத்துப் போகுமுங்க" என்றார் மலைச்சாமி.

"எடை பாருங்க. ஒன்றரைக் கிலோ கம்மியா இருக்கும். கையில தெரியும்" என்றார் ஜெரோம் சார்.

"சார், நீங்க அறுத்துக்கிட்டுப் போன துண்டைக் குடுங்க, ஒட்டிப் பாப்போம்" என்றார் காத்தமுத்து.

"அது... மெழுகுவத்தி ஸ்டாண்டு ஆயிருச்சு. வீட்டுல மாதா படத்துக்கு முன்னால வச்சிட்டாங்க. இனி எப்படிக் கேக்குறது?"

அறிவுச்செல்வி மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "மூணு ஆம்பளைக. ஒருத்தருக்குக்கூட, இது யாரு வீட்டு உலக்கைனு ஒரு வார்த்தை கேக்கத் தோணல. சாத்திருந்தா அறுத்துருவீகளா? நான் செத்த நேரம் அந்தச் சுவத்துல சாஞ்சு நிக்கல, நல்ல காலம்."

டிக்காஷன் போடத்தான் முடிவாயிற்று. என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஒங்க காலப் புடிக்கிறேன், வெளிய சொல்லிராதீக" என்றாள். நான் சொல்வேனா? பழனியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். ஆடிக் காற்று ஆவணியிலும் அடங்காமல் தெருமண்ணைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தது. வாசலில் உரல், அதற்கு மாவிலை கட்டி, முறத்தில் விரலி மஞ்சள். சுமங்கலிகள் ஐந்து பேர், மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி, நான். டீத்தூள் வாசனை கொஞ்சம் அடிக்கத்தான் செய்தது. அதை மறைக்க அறிவுச்செல்வி உலக்கைக்குச் சந்தனத்தை அப்பியிருந்தாள். காத்தமுத்து வேட்டி சட்டையில் தூண் ஓரமாக நின்றார். கொட்டகை பூட்டியிருந்தது.

அங்காளம்மாள் வந்தாள். வாசலோடு நின்றாள். கீர்த்தனாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். உலக்கையை வாங்கினாள். ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள், மறு கைக்கு மாற்றினாள். மஞ்சளை உரலில் போட்டாள். உலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள்.

அறிவுச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, நில்லு."

காத்தமுத்துதான். வீட்டில் மெஷின் ஓடவில்லை, மிக்சி ஓடவில்லை. அந்த அமைதியில் அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டிருக்க வேண்டும்.

"அது நம்ம உலக்கை இல்லக்கா."

உலக்கை மேலேயே நின்றது. "பொறவு யாரூட்டுதுங்க?"

"ஒட்டன்சத்திரம் மலைச்சாமிது. நம்மளத நான் அறுத்துட்டேன். செல்வி சொல்லுச்சு, நான் காதுல வாங்கல. அது மேல தப்பில்ல. சாயம் போட்டு ஒன்ன ஏமாத்தப் பாத்தோம். மனசு ஒப்பல."

மாப்பிள்ளையின் சித்தி என்னைப் பார்த்தாள். நான் மாவிலையைப் பார்த்தேன்.

அங்காளம்மாள் உலக்கையை இறக்கிச் சுவரில் சாத்தினாள்.

"புதன்கெழமையே தெரியும்டா எனக்கு" என்றாள். "பழனிச் சந்தையில ஒருத்தி சொன்னா. நீ வாயத் தொறப்பியா, இல்ல அங்கயும் ம்ம் கொட்டிக்கிட்டு நிப்பியானு பாக்கத்தான் வந்தேன். இது மட்டும் உரல்ல எறங்கியிருந்துச்சு, இப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பேன். ஏழு வருசம் இல்ல, ஏழேழு வருசத்துக்கும் எட்டிப் பாத்திருக்க மாட்டேன்."

அறிவுச்செல்வி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் 'ங்க' உதிர்ந்துவிட்டதை அவளும் கவனித்திருப்பாள்.

"மிச்சம் என்ன இருக்கு? எடுத்துட்டு வா."

காத்தமுத்து பூண் போட்ட துண்டையும் பூரிக்கட்டையையும் கொண்டுவந்தார். அங்காளம்மாள் பூரிக்கட்டையைத் தடவினாள்.

"நாலு முழத்த நட்டக் குத்தலா பஸ்ஸுல புடிச்சு வந்து குடுத்தா, முக்கா அடியாத் திருப்பித் தாரியேடா பாவி! நீயா கடைஞ்ச?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் கடைஞ்சிருக்க, எழவு. உக்காரு."

"எங்க?"

"உரலுக்கு அந்தப் பக்கம். குத்து."

"அக்கா, பொம்பளைக இடிக்கிறதுக்கா..."

"அறுத்தது ஆம்பளதான? குத்துடா!"

அவள் புதுச் சேலையோடு உரலுக்கு இந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, பூண் துண்டால் முதல் குத்து குத்தினாள். அவர் எதிரே உட்கார்ந்து பூரிக்கட்டையால் இடித்தார். ஒரு சாண் துண்டும் ஒரு பூரிக்கட்டையும் உரலுக்குள் என்ன செய்துவிடும்? மஞ்சள் கிழங்கு எகிறி எகிறித் தெருவில் விழுந்தது. சுமங்கலிகள் ஐந்து பேரும் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார்கள். அதுதான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த மரியாதை.

இடிக்க இடிக்க ஏழு வருஷச் சண்டை வெளியே வந்தது.

"உங்க மச்சானை வயரிங்காரன் பக்கத்துல போட்டியேடா, தபால்தலை மாதிரி!"

"அது ஃபிளெக்ஸ் கடைப் பய செஞ்சதுக்கா."

"அவன் உன்கிட்டக் காட்டாமயா அடிச்சான்?"

"காட்டுனான்."

"நீ என்ன சொன்ன?"

காத்தமுத்து பூரிக்கட்டையை நிறுத்தினார். "ம்ம்னேன்" என்றார்.

அங்காளம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க இன்னும் ஓங்கிக் குத்தினாள். மஞ்சள் அவள் மூக்கில் தெறித்தது.

"மதினி, பத்தேகால் ஆச்சு. ராகு காலம் வந்துரும்" என்று கையைப் பிசைந்தாள் அறிவுச்செல்வி.

"வரட்டும், ஒரு ஓரமா உக்காரட்டும். காப்பி போடுத்தா செல்வி. சீனி வேணாம், அன்னைக்குக் குடுத்த வெல்லத்தப் போடு." எழுந்து, மஞ்சள் அப்பிய காலோடு வாசல்படி ஏறி உள்ளே போனாள். புதிதாக வெள்ளையடித்த நிலைப்படியில் அவள் கைத்தடம் ஐந்து விரலோடு பதிந்தது. இன்னும் யாரும் அழிக்கவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஃபிளெக்ஸில் அங்காளம்மாளின் வீட்டுக்காரர் மாப்பிள்ளையைவிடப் பெரிதாக இருந்தார். மாப்பிள்ளை வீட்டில் அதற்கு ஒரு முணுமுணுப்பு, அது வேறு கதை. பூண் துண்டை அங்காளம்மாள் ஊருக்குக் கொண்டுபோனாள். பூரிக்கட்டை அறிவுச்செல்வியிடம் இருக்கிறது. எத்தனை கழுவியும் மஞ்சள் போகவில்லை. அந்த வீட்டுச் சப்பாத்தியைத் தூரத்திலிருந்து பார்த்தால் போளி மாதிரி இருக்கும்.

இப்போது தினம் காலை பதினோரு மணிக்குக் கொட்டகையில் போன் அடிக்கும். நெய்க்காரப்பட்டியிலிருந்து. போன் அடித்ததும் மெஷின் நிற்கும். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் அக்காவும் தம்பியும் பேசுவார்கள்.

"ஏழு வருசம் பேசாம இருந்தாக. எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமாக்கா?" என்று அறிவுச்செல்வி சலித்துக்கொண்டாள். என்னோடு அவள் மறுபடி பேச ஆரம்பித்ததே போன வாரம்தான். "அதுகூடப் பரவாயில்ல. அக்கா போன் வந்தா மெசினு நிக்குது. கட்டுன பொண்டாட்டி தொண்டை கிழியக் கத்துனா ம்ம்."

நேற்று மத்தியானம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் துணி எடுக்கப் போனேன். அறிவுச்செல்வி கொட்டகை வாசலில், அவர் முதுகுக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். காதில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே போன் அடித்தது. மெஷின் நின்றது.

"அலோ?" என்றார் காத்தமுத்து, சுவரைப் பார்த்தபடி.

"நான்தான்" என்றாள் அவள். "வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காயா, வெண்டிக்காயா? மெசினைப் போட்றாதீக. இன்னும் ரெண்டு விசயம் இருக்கு."